டேப்பட் கவரை மூடுமுன்

பழைய மாருதி 800 எஞ்சினில் வால்வுகள் 6. ஒவ்வொரு வால்வின் தண்டையும் அதன் ஸ்ப்ரிங்கோடு சேர்த்துப் பிடித்து நிறுத்துவதற்கு இரண்டிரண்டு வால்வ் லாக்குகள். ஆக மொத்தம் 12. சின்ன இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை நெடுக்காகப் பிளந்தால் வரும் பாதி மாதிரி இருக்கும். சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். கடையில் விலை கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வண்டி ஓடும்போது இது கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் இறங்கிவிடும், மேலே வரும் பிஸ்டன் அதை இடிக்கும், எஞ்சின் கதை அதோடு முடியும்.

கழற்றும்போதும் மாட்டும்போதும் இந்த லாக் துள்ளிப் போவது எல்லாப் பட்டறையிலும் நடக்கிற சங்கதி. அழுத்திப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங் கொஞ்சம் சாய்ந்தால் போதும், தெறித்துவிடும். தரையில் விழுந்தால் பெருக்கி எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் ஹெட்டில், மேலே வந்த ஆயில் திரும்பக் கீழே இறங்குவதற்கென்று துளைகள் இருக்கின்றன. அதற்குள் விழுந்தால்தான் வம்பு.

அப்போது பட்டறையில் இரண்டு பேச்சுகளில் ஒன்று காதில் விழும். “சம்ப்புலதான் கெடக்கும், கெடந்துட்டுப் போவுது” என்பது ஒன்று. “சாமி பாத்துக்கும்” என்பது இன்னொன்று. முன்னது எஞ்சினைப் பற்றிய அபிப்பிராயம், பின்னது கடவுளைப் பற்றிய அபிப்பிராயம். இரண்டும் சேர்ந்து செய்கிற காரியம் ஒன்றே: ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரை மூடிவிட அனுமதி கொடுக்கின்றன. திண்டிவனத்தில் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நான். இந்த இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கேள்வி தங்கிவிட்டது. தெரியாமல் விழுந்த ஒன்றுக்கு, யாரும் பார்க்காத ஒன்றுக்கு, கடைசிவரை ஒரு கெடுதலும் செய்யாமலே போகக்கூடிய ஒன்றுக்கு, மனிதன் பொறுப்பாளியா? ஆம் என்றால், எந்த நொடியிலிருந்து?

எஞ்சின் அபிப்பிராயத்தை முதலில் பார்த்துவிடலாம். அது முட்டாள்தனமானது என்று சொல்ல மாட்டேன். சம்ப் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி. அங்கிருந்து ஆயிலை உறிஞ்சும் பம்ப்பின் வாயில் கம்பி வலை உண்டு. வால்வ் லாக் அந்த வலையைத் தாண்டாது. கசடோடு கசடாக வருஷக் கணக்கில் படுத்துக் கிடக்கலாம். ஆனால் அது சம்ப் வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று யார் பார்த்தார்கள்? ஹெட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே திட்டும் விளிம்பும் நிறைய. எதிலாவது தொற்றிக்கொண்டு நிற்கலாம். வண்டி பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும் ஒரு நாளில் நழுவி, சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டின் குறுக்கே விழலாம். டைமிங் செயின் வைத்த எஞ்சின் என்றால் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டலாம். செயின் ஒரு பல் தாவினால் வால்வு திறந்து மூடும் நேரம் தப்பிப்போகும்.

கார்புரேட்டர் வாயில் விழும் நட்டு இதைவிட மோசம். ஏர் ஃபில்டரை இறுக்கும் நட்டு கைநழுவி, பட்டர்ஃபிளையைத் தாண்டி, மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிட்டால், வண்டியைக் கிளப்பியதும் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகப் பார்க்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 தடவை உச்சிக்கு வந்து போகிறது. உச்சியில் அதற்கும் ஹெட்டுக்கும் இடையே, சில இடங்களில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கே இடைவெளி. ஒரு நட்டு அங்கே எப்படி ஒதுங்கும்? பிஸ்டன் தலையில் குழி விழும், வால்வு வளையும், பிளக்கின் முனை நசுங்கும்.

அதனால் எங்கள் தொழிலில் முதல் விதி கையை எடுத்துவிடுவது. செல்ஃப் அடிக்கக் கூடாது. எஞ்சினை ஒரு விரற்கடைகூடத் திருப்பக் கூடாது. விஷயம் தெரியாத யாராவது வந்து சாவியைத் திருப்பிவிடலாம் என்பதால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும். கடைசியாகச் சத்தம் எந்தப் பக்கம் கேட்டது என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் காந்தக் குச்சி. காந்தத்துக்கும் ஒரு குணம் உண்டு. தேடி வந்த லாக்கை விட்டுவிட்டு, வழியில் இருக்கும் இரும்பையெல்லாம் கட்டிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் குழாயை உறையாகப் போட்டு, முனை மட்டும் தெரியும்படி இறக்கினால் அந்தத் தொல்லை குறையும். விழுந்தது பித்தளை ஜெட், அலுமினிய வாஷர் என்றால் காந்தம் கைவிரித்துவிடும். நுனியில் நகம் விரிகிற ஸ்ப்ரிங் குச்சி, குச்சி முனையில் அப்பிய கிரீஸ், இப்போது செல்போனில் படம் காட்டும் ஒல்லிக் கேமரா என்று ஒவ்வொன்றாக முயல வேண்டும். எதற்கும் மசியாவிட்டால் ஆயிலை வடித்துச் சம்ப்பைக் கழற்ற வேண்டும். அரை நாள் வேலை, புது கேஸ்கட், வாசலில் காத்திருக்கும் வண்டிக்காரர். எல்லாம் சில்லறைக் காசு பெறும் ஒரு சாமானுக்காக.

மேல்சித்தாமூர்ப் பக்கத்திலிருந்து என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டியில் இப்படி ஒரு லாக் விழுந்தது. தமிழ்ச் சமணர். எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்து வாழ்கிறவர்கள். மேல்சித்தாமூரில்தான் அவர்களுடைய மடம் இருக்கிறது. நான் அவரை ‘நயினார் சார்’ என்பேன், அவர் என்னை ‘மேஸ்திரி’ என்பார்.

காலையில் வண்டியைக் கிளப்பினால் நீலப் புகை வருகிறது என்று கொண்டுவந்தார். வால்வ் சீல் போயிருந்தது. ஹெட்டைக் கழற்றாமலே இதை மாற்ற ஒரு வழி உண்டு. பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், நடுவில் நெரியும் கயிறு வால்வைக் கீழே விழாமல் தாங்கும். என் பட்டறைப் பையன் அந்த வேலையில்தான் இருந்தான். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டை ஆயில் துளைகளில் அடைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். கடைசிச் சிலிண்டருக்கு வரும்போது ஒரு துளையின் துணி ஸ்ப்ரிங் அமுக்கும் கருவியில் சிக்கி வெளியே வந்திருக்கிறது. அவன் கவனிக்கவில்லை.

“அண்ணா, தட்டுல பதினொண்ணுதான் இருக்கு” என்றான். முகம் வெளிறிப்போயிருந்தது.

“கைய எடுத்துடு. டெர்மினலக் கழட்டு” என்றேன்.

தரை, பேட்டரித் தட்டு, கியர்பாக்ஸின் முதுகு என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டு, காந்தத்தையும் இறக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் சம்ப்பைக் கழற்றினோம். அடியில் படிந்திருந்த கருப்புக் கசட்டில் பையன் விரலை விட்டுத் துழாவியதும் லாக் கையில் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஒரு வாஷர். ஓரம் மழுங்கி, கருத்து, எத்தனையோ காலமாக ஆயிலில் ஊறியது. அங்கே இருப்பதற்கு அதற்கு ஒரு நியாயமும் கிடையாது. நயினார் சார் அந்த வண்டியை இரண்டாம் கையாக வாங்கியவர். முன்னொரு காலத்தில் எவனோ தவறவிட்டு, தெரிந்தோ தெரியாமலோ மூடிவிட்டுப் போனது அது. அந்த வாஷரின் மேலேதான் அவர் மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பொன்னூர் மலை வரைக்கும் போய்வந்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை.

‘சம்ப்புலதான் கெடக்கும்’ என்கிறவர்களின் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? “விழுந்ததை எடுக்காவிட்டால் எஞ்சின் தண்டிக்கும்” என்றுதான் நான் பையன்களுக்குச் சொல்லிவந்தேன். எஞ்சின் தண்டிக்காமலும் விட்டுவிடுகிறது என்பதற்கு இதோ அத்தாட்சி. பயத்தின் மேல் கட்டிய ஒழுக்கம் அந்த வாஷர் முன்னால் நிற்காது.

நயினார் சார் வாஷரை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மேஸ்திரி, உங்களுக்கு வினைன்னா மேல எழுதி வெக்கிற கணக்கு. எங்களுக்கு வினைங்கிறது பொருள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பொருள். உயிர்க்குள்ள வந்து ஒட்டிக்கும்” என்றார். வினைத் துகள் உள்ளே வருவது ஊற்று, வந்தது பிடித்துக்கொள்வது கட்டு, வராமல் வழியை அடைப்பது செறிப்பு, வந்து ஒட்டியதை அகற்றுவது உதிர்ப்பு என்று சமணத் தத்துவத்தை அடுக்கிச் சொன்னார். “நீங்க துளையில அடைச்ச துணி செறிப்பு. காந்தம், சம்ப்பக் கழட்டுறது எல்லாம் உதிர்ப்பு. எங்க சமயத்த உங்க பையன் அரை நாள்ல செஞ்சு காட்டிட்டான்” என்று சிரித்தார்.

சமண முனிவர்களுக்குச் சமிதி என்ற பெயரில் ஐந்து கவனங்கள் விதிக்கப்பட்டிருப்பதையும் அவர்தான் சொன்னார். நடப்பதில் கவனம், பேசுவதில் கவனம், உணவு ஏற்பதில் கவனம், கழிவு நீக்குவதில் கவனம். இவற்றோடு ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம். ஆதான நிக்ஷேபண சமிதி என்று அதற்குப் பெயர். கமண்டலத்தையோ நூலையோ கீழே வைக்குமுன் அந்த இடத்தை மயிற்பீலியால் ஒற்றி, சிற்றுயிர் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். எடுப்பதற்கும் வைப்பதற்கும் தனியாக ஒரு விதி வைத்த சமயம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்தபோது, அதைப் பட்டறைச் சுவரில் எழுதிப் போடலாமா என்று தோன்றியது.

ஆனால் பையன் வேண்டுமென்று போடவில்லையே? இந்த இடத்தில்தான் சமணரும் பௌத்தரும் ரொம்பக் காலத்துக்கு முன்பே மோதியிருக்கிறார்கள். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்று ஒரு பகுதி உண்டு. நாளந்தாவில் உபாலி என்ற செல்வர், மகாவீரரின் இல்லறச் சீடர், புத்தரிடம் வாதத்துக்குப் போகிறார். தீவினையில் பெரியது உடம்பால் செய்வதே என்பது உபாலி கொண்டுபோன கட்சி. மனத்தால் செய்வதே பெரியது என்பது புத்தரின் கட்சி. வாதத்தின் முடிவில் உபாலி புத்தரின் பக்கம் சேர்ந்துவிடுகிறார். இதை நான் சொன்னபோது நயினார் சார், “அது அவங்க எழுதுன ஸ்கோர் கார்டு” என்றார்.

சமணத்தின் நிதானமான விடையை உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அவரே விளக்கினார். கவனம் தப்பிய செயலால் உயிர் பறிபோவதே அங்கே இம்சைக்கு இலக்கணம். எண்ணமா, உடம்பா என்ற சண்டையை அந்த இலக்கணம் வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. பகையோடு செய்தாயா என்று அது கேட்பதில்லை. விழிப்போடு இருந்தாயா என்று கேட்கிறது. துணி வெளியே வந்ததைப் பார்க்காமல் விட்டதற்குப் பையன் அந்த அளவில் பொறுப்பு. லாக் துள்ளியதற்குப் பொறுப்பில்லை. எனக்கு இது நியாயமாகவே பட்டது.

சைவத்திலும் தெரியாமல் செய்தது கணக்கில் வராமல் போவதில்லை. வேதாரண்யம் கோயிலில் நெய் குடிக்க வந்த எலி, மூக்குச் சுட்டுத் துள்ளியதில் அணையப்போன விளக்கின் திரி தூண்டப்பட்டது. எலிக்கு அது பூசை என்று தெரியாது. ஆனாலும் மறுபிறவியில் மாபலிச் சக்கரவர்த்தி ஆனது என்பது அந்தத் தலத்தின் கதை. தெரியாத புண்ணியத்துக்கு ராஜ்ஜியம் உண்டென்றால் தெரியாத பிழைக்கும் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்? நயினார் சார் விடவில்லை. “நெனைக்காம கெடச்ச ராஜ்ஜியம் நெலைச்சுதா? வாமனன் வந்து மூணடியில புடுங்கிட்டான் பாருங்க” என்றார்.

எங்களுக்குள் உண்மையான பிணக்கு வேறிடத்தில் இருந்தது. வினை தானாகவே பலன் தருமா, தருவதற்கு ஒருவன் வேண்டுமா? சமணருக்கு ஈசுவரன் தேவையில்லை. ஒட்டிய துகள் அதன் நேரம் வந்ததும் தானே பலன் கொடுக்கும். மெய்கண்டாரின் வழியில் வந்தவர்கள் இதை ஒப்புவதில்லை. அவர் சிவஞானபோதம் தந்த திருவெண்ணெய்நல்லூரும் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், 12 சூத்திரங்களில், சைவ சித்தாந்தத்தின் மொத்தக் கட்டடத்தையும் எழுப்பியவர். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சமணர், பௌத்தர், மீமாஞ்சகர் என்று ஒவ்வொரு கட்சியாக எடுத்து வைத்து மறுக்கிறார். சித்தாந்தத்தின் வாதம் சுருக்கமானது. வினை சடம். அதற்கு அறிவு கிடையாது. தன்னைச் செய்தவன் யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே செய்தவனையும் பலனையும் பொருத்திவைக்க அறிவுள்ள இறைவன் ஒருவன் வேண்டும்.

சித்தாந்த வகுப்பில் கேட்டபோது எனக்கு இது பாதிதான் புரிந்தது. மீதி அன்று பட்டறையில் புரிந்தது. நயினார் சாருக்கு ஒரு விரதம் உண்டு. பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். சம்ப்பை மாட்டி, ஆயில் ஊற்றி, வண்டியைக் கிளப்பிப் பார்க்கும்போது வெளியே விளக்கு போட்டுவிட்டார்கள். அவர் அன்றிரவு பட்டினி. லாக்கைத் தவறவிட்டவன் பையன். வயிறு காய்ந்தது அவருக்கு. சடப்பொருளுக்கு ஆள் தெரியாது என்பதற்கு வேறு என்ன உரை வேண்டும்? எஞ்சினுக்குள் கிடக்கும் நட்டு பலன் தரும்போது அதற்கும் ஆள் தெரிவதில்லை. தவறான விலாசத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. நடுராத்திரியில் நெடுஞ்சாலையோரம் வண்டி நின்றுபோய்க் குழந்தையோடு தவிக்கிறவர், நட்டைப் போட்டவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

மனுநீதிச் சோழன் கதை எல்லோருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவன் சிலையே இருக்கிறது. திருவாரூர் வீதியில் இளவரசனின் தேர்க்காலில் கன்று வந்து விழுந்தது. அவன் பார்க்கவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் சொன்னார்கள், அரசன் ஏற்கவில்லை. மகன் மேல் தேரை ஓட்டச் சொல்லி ஓர் அமைச்சருக்கு ஆணையிட்டான். சேக்கிழார் சொல்லும் இந்த வரலாற்றில் நாம் வேகமாகத் தாண்டிப்போகும் ஒருவர் அந்த அமைச்சர். ஆணையை நிறைவேற்ற மனம் வராமல் அவர் தம் உயிரையே விட்டுவிடுகிறார். அதன் பிறகுதான் அரசன் தானே தேரேறுகிறான். கன்றைக் கொன்றதில் அந்த அமைச்சருக்கு என்ன பங்கு? நீதிக்குப் பேர்போன கதையிலேயே பலன் இடம் தவறி ஒரு நிரபராதி மேல் விழுகிறது. கடைசியில் திருவாரூர்ப் பெருமான் வந்து கன்று, இளவரசன், அமைச்சர் மூவரையும் எழுப்பினால்தான் கணக்கு நேராகிறது. மனிதன் மட்டும் வைத்த கணக்கில் அந்த அமைச்சர் செத்துத்தான் கிடக்கிறார்.

நம் காலத்துக் கணக்கையும் பார்க்கலாம். 2000 ஜூலை 25 அன்று பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு டிசி-10 விமானம் கிளம்பிப் போனது. போகும்போது அதன் எஞ்சின் மூடியிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் நீள டைட்டேனியத் தகடு ஒன்று ஓடுபாதையில் விழுந்தது. சில நிமிஷங்களில் அதே பாதையில் வந்த கான்கார்ட் விமானத்தின் டயரை அது கிழித்தது. டயரின் துண்டு எரிபொருள் தொட்டிப் பக்கம் அடித்தது, தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 109 பேரும், விமானம் போய் விழுந்த விடுதியில் 4 பேரும் இறந்தார்கள். தகட்டைப் பொருத்தியவருக்கு அவர்களில் ஒருவரையாவது தெரிந்திருக்குமா? 2010இல் பிரெஞ்சு நீதிமன்றம் ஒன்று டிசி-10க்குச் சொந்தக்கார நிறுவனத்தையும் ஒரு மெக்கானிக்கையும் குற்றவாளிகள் என்றது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குற்றத் தீர்ப்பை ரத்து செய்தது. படித்த நீதிபதிகளுக்கே ஒரு தகட்டின் பலனை யார் பெயரில் எழுதுவது என்பதில் இரண்டு கருத்து.

ஆகவே பலனைப் பார்த்து நான் முடிவுக்கு வருவதில்லை. பலன் சில சமயம் வருவதே இல்லை, அந்த வாஷரைப் போல. சில சமயம் 113 பேர் மேல் வந்து விழுகிறது. எது எப்போது வரும் என்று தீர்மானிப்பது என் கையில் இல்லை. அதைத் தருபவன் ஈசுவரனா, துகளே தருகிறதா என்று நானும் நயினார் சாரும் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. தீர்க்கும் உத்தேசமும் இருவருக்கும் இல்லை. ஆனால் பலன் வருவதற்கு முன்பே, எஞ்சின் ஒரு சுற்றுகூடச் சுற்றுவதற்கு முன்பே, முழுசாக நடந்து முடிந்துவிடுகிற ஒரு குற்றம் உண்டு. அதில் எங்கள் இருவருக்கும் பிணக்கில்லை.

தட்டில் 11 தான் இருக்கிறது என்று தெரிந்த நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் நடந்தது விபத்து, கொஞ்சம் கவனக்குறைவு. தெரிந்த பிறகு பன்னிரண்டாவதாக ஒரு புது லாக்கைப் போட்டு, கவரை மூடி, வண்டியைக் கழுவி, சாவியைக் கொடுத்தால் என்ன நடக்கிறது? உள்ளே கிடப்பது எங்கே, எப்போது என்ன செய்யும் என்ற சந்தேகம் ஒன்று இருக்கிறது. அது என்னுடையது. நான் சுமக்க வேண்டியது. அதை அவருக்குத் தெரியாமல் அவர் வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். கூலியும் வாங்கிக்கொள்கிறேன். அவர் வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் இந்தக் காரியம் நடந்தது நடந்ததுதான். லாக் நூறு வருஷம் சம்ப்பில் தூங்கினாலும் இது குறையாது. அந்தப் பழைய வாஷரைப் போட்டவனுக்கு அது விழுந்தது தெரியாமலே போயிருந்தால், கவனக்குறைவுக்கு மேல் அவன்மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். தெரிந்து மூடியிருந்தால், நயினார் சார் பொன்னூருக்குச் சுகமாகப் போய்வந்தது அவனுக்கு எந்த விதத்திலும் விடுதலை ஆகாது.

‘சாமி பாத்துக்கும்’ என்ற பேச்சுக்கும் இங்கேதான் என் பதில். செய்தவனையும் பலனையும் பொருத்திவைப்பது இறைவன் வேலை என்று சித்தாந்தம் சொல்கிறது. சரி. செய்தவன் யார் என்பதை ஒளிப்பதற்கு நமக்கு உரிமை உண்டென்று அது எங்கேயும் சொல்லவில்லை. “சார், ஒரு லாக் உள்ளே விழுந்துவிட்டது” என்று வண்டிக்காரரிடம் போய் நிற்பது, விலாசம் தவறிப் போக இருக்கும் வினையை வழியில் மறித்து, “இது என்னுடையது, இங்கே கொடு” என்று கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது. சாமி செய்ய வேண்டிய வேலையில் மனிதனால் செய்யக்கூடிய பங்கு அவ்வளவுதான். அதைச் செய்யாமல் மீதியைச் சாமியிடம் விடுவதற்குப் பக்தி என்று பெயர் வைக்க எனக்கு மனம் வராது.

இது பட்டறைக்காரனோடு முடிகிற விஷயமும் இல்லை. நான் தொழில் பழகிய இடத்தில் “விழுந்துடுச்சு மேஸ்திரி” என்று சொன்னால் முதுகில் ஸ்பேனர் விழும். வண்டிக்காரர் பக்கத்தில் இருந்தால் அவர் பங்குக்கு நாலு வார்த்தை. அங்கே பழகிய பையன்கள் கைசுத்தத்தோடு கூடவே ஒளிக்கவும் பழகினார்கள். தட்டில் எண்ணிக்கை குறைந்தால் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டு நிரப்பிவிடுவார்கள். உண்மையைச் சொல்கிறவனுக்கு அடியும், மறைக்கிறவனுக்கு டீயும் கிடைக்கும் இடத்தில் எந்தச் சமயமும் வேர் பிடிக்காது. என் பட்டறையில் மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். கழற்றியதைத் தட்டில் எண்ணி வைக்க வேண்டும். குறைந்தால் அந்த நொடியே சொல்ல வேண்டும். சொன்னவனை யாரும் அடிக்கவும் கூடாது, திட்டவும் கூடாது. எடுக்கிற செலவு பட்டறையுடையது.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வண்டியைப் பழுது பார்க்கிறவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “சார், ஒரு சாமான் உள்ளே விழுந்துவிட்டது, எடுக்க நேரமாகும்” என்று சொன்னால் கத்தாதீர்கள். சொல்லாமல் மூடியிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டாம், அது அவருடைய செலவு. ஆனால் அடுத்த தடவையும் வண்டியை அவரிடமே கொண்டுபோய் விடுங்கள்.